மொட்டை மாடிக்கு ஒரு பிக்கிள்பால் வலைத் தாங்கி: பிவிசி குழாயும் மணல் நிரப்பிய ஜீன்ஸும்

மாடித் தளத்தில் துளை போடக் கூடாது. வேலையின் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்து வருகிறது. தட்டோடு பதித்த தளத்தில் ஆங்கர் போல்ட் இறக்கினால் ஐப்பசி மழையில் கீழே கூரை ஒழுகும். ஆகவே வலைக் கம்பம் தன் காலிலேயே நிற்க வேண்டும். நாலு பேர் ஆடி முடித்ததும் பத்து நிமிடத்தில் கழற்றி மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைக்கவும் முடிய வேண்டும்.

பிக்கிள்பால் என்பது துளையுள்ள பிளாஸ்டிக் பந்தைச் சிறு மட்டையால் வலைக்கு மேல் அடித்து ஆடும் ஆட்டம். அதன் முழு அளவுக் களம் 20 அடிக்கு 44 அடி. பாட்மிண்டன் இரட்டையர் களத்தின் அளவும் இதேதான், அது தற்செயல் அல்ல. 1965-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில், ஒரு பழைய பாட்மிண்டன் களத்தில்தான் இந்த ஆட்டம் பிறந்தது. வலையை முதலில் பாட்மிண்டன் உயரத்தில் கட்டினார்கள். பந்து தரையில் நன்றாக எம்புகிறது என்று தெரிந்ததும் 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். ஒட்டுப்பலகையில் அறுத்த மட்டைகளே ஆரம்பத்தில் புழங்கின. பழைய பாட்மிண்டன் வலையும் பிளைவுட் மட்டையும் வைத்து வீட்டில் ஆடுவது ஒப்பேற்றும் வேலை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லலாம்.

வீட்டு மாடியில் 44 அடி கிடைப்பது அரிது. இங்கே எடுத்துக்கொண்ட அளவு 14 அடிக்கு 30 அடி. வலையை ஒட்டி இருபுறமும் 7 அடிக்குப் பதில் 5 அடி ‘கிச்சன்’, அதாவது பந்தைத் தரையில் பட விடாமல் அடிக்கக் கூடாத பகுதி. பின்கோட்டுக்குப் பின்னால் குறைந்தது 4 அடியும் பக்கவாட்டில் 3 அடியும் காலியாக இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் 1 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அந்த மாடியில் ஆட வேண்டாம். பந்தை நோக்கிப் பின்னால் ஓடுகிறவர் சுவரைப் பார்ப்பதில்லை. அடுத்த மாடி கட்டுவதற்காக விட்டுவைத்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அவற்றுக்கு முதலில் மூடி போடுங்கள்.

கம்பம் ஏன் உள்ளே சாய்கிறது

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குழாய்த் தாங்கி வரைபடங்களில் கம்பத்துக்குக் கீழே முன்னும் பின்னும் கால் இருக்கும், வெளிப்பக்கம் எதுவும் இருக்காது. வலையைக் கட்டி இறுக்கியதும் இரண்டு கம்பங்களும் ஒன்றையொன்று பார்த்துக் குனியும். குனிந்ததால் வலை தொய்யும். தொய்ந்ததே என்று இன்னும் இறுக்கினால் இன்னும் குனியும். கனமான குழாய்க்கு மாறினாலும் தீராது, ஏனென்றால் கோளாறு குழாயில் இல்லை.

கணக்கு எளிது. வலையின் எடையை நீளத்தால் பெருக்கி, தொய்வைப் போல எட்டு மடங்கால் வகுத்தால் கயிற்றின் இழுவை கிடைக்கும். களத்தின் 14 அடியோடு இருபுறமும் ஒரு அடி சேர்த்துக் கம்பத்துக்குக் கம்பம் 16 அடி, அதாவது 4.88 மீட்டர். கீழ்ப்பட்டை தைத்த வலை சுமார் 1 கிலோ. நடுவில் 6 செ.மீ. தொய்வு விட்டால் இழுவை 10 கிலோ. அதை 3 செ.மீ. ஆக்கினால் 20 கிலோ. 1 செ.மீ. ஆக்க ஆசைப்பட்டால் 60 கிலோவைத் தாண்டும். குழாய் தாங்காததற்குக் காரணம் இந்த ஆசைதான்.

விதியே தொய்வைக் கேட்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிக்கிள்பால் வலை பக்கக்கோட்டின் மேல் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம் இருக்க வேண்டும். செ.மீ. கணக்கில் 91.4, 86.4. கம்பம் பக்கக்கோட்டுக்கு ஒரு அடி வெளியே நிற்பதால், கம்பத்தில் கயிற்றை 92.5 செ.மீ. உயரத்தில் கட்டி நடுவில் 6 செ.மீ. தொங்க விட்டால் இரண்டு உயரமும் அரை செ.மீ. வித்தியாசத்துக்குள் வந்துவிடும். அதாவது 10 கிலோ இழுவை போதும், அதற்கு மேல் இறுக்குவது தப்பு.

இந்தப் 10 கிலோ 92.5 செ.மீ. உயரத்தில் இழுக்கிறது. கம்பத்திலிருந்து 60 செ.மீ. வெளியே ஒரு காலை நீட்டி, அதன் நுனியில் 15.4 கிலோ வைத்தால் தராசு சமமாகும். 20 கிலோ வைத்தால் பந்து வலையில் அறைவதற்கும் காற்றுக்கும் இடம் இருக்கும்.

சாமான்

விவசாய பிவிசி குழாய், 50 மி.மீ. வெளிவிட்டம், கடையில் ‘ஒன்றரை இஞ்ச்’ என்பார்கள், 10 கிலோ அழுத்த வகை. 20 அடி நீளத்தில் இரண்டு. அதே 50 மி.மீ. அளவில் டீ (T வடிவ இணைப்பு) நான்கு, கப்ளர் (நேர் இணைப்பு) இரண்டு, எண்ட் கேப் (முனை மூடி) ஆறு. பிவிசி சொல்யூஷன் சின்ன டப்பா ஒன்று. 6 மி.மீ. நைலான் கயிறு 10 மீட்டர். சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் 12 மி.மீ. கறுப்புக் குழாயில் ஒரு சாண் துண்டு. 80-ஆம் நம்பர் உப்புத்தாள், ஒரு மெழுகுவத்தி, பழைய சைக்கிள் டியூப் ஒன்று, பழைய ஜீன்ஸ் இரண்டு, 40 கிலோ உலர்ந்த மணல்.

கடையில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒன்றரை இஞ்ச் என்ற ஒரே பெயரில் இரண்டு குழாய்கள் விற்கின்றன. விவசாயக் குழாயின் வெளிவிட்டம் 50 மி.மீ. வீட்டுப் பிளம்பிங்குக்கு வரும் வெள்ளை ‘ஷெட்யூல் 40’ குழாய்க்கு 48.3 மி.மீ. ஒன்றின் டீயில் மற்றொன்றைச் செருகினால் ஒன்று ஏறாது, இல்லாவிட்டால் கடகடவென்று ஆடும். குழாயையும் டீயையும் ஒரே கடையில், கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். சரியான ஜோடி பாதி ஆழம் வரை கையால் ஏறி அங்கே இறுகும். முழுக்க வழுக்கிக்கொண்டு போனால் அது வேறு ஜாதி.

அறுப்பது, ஒட்டுவது

முதல் குழாயில் 160 செ.மீ. மூன்று துண்டு, இவை கப்ளரால் சேர்ந்து இரண்டு கம்பங்களுக்கும் நடுவே தரையில் கிடக்கும் தரைக் குழாய். மிச்சத்தில் 55 செ.மீ. இரண்டு, வெளிக்கால். இரண்டாவது குழாயில் 92 செ.மீ. இரண்டு, கம்பம். 35 செ.மீ. நான்கு, குறுக்குக் கால். ஆக்ஸா பிளேடு கோணலாகப் போகாமல் இருக்க, குழாயைச் சுற்றி ஒரு செய்தித்தாளின் நேரான விளிம்பை ஒட்டி அதையொட்டி அறுக்கவும். அறுத்த முனையில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். பிசிறு இருந்தால் அது சொல்யூஷனை வழித்துத் தள்ளிவிடும்.

கம்பத்தின் டீ, வெளிக்கால், அதன் நுனியில் படுக்கையாக இன்னொரு டீ, அந்த டீயின் இரு பக்கமும் குறுக்குக் கால், நுனியில் கேப். இவை எல்லாம் ஒட்டி ஒரே உறுப்பாக வேண்டும். இப்படி இரண்டு. மீதி எல்லாம் ஒட்டாமல் செருகுவது.

கவனம் தேவைப்படும் இடம் இரண்டு டீக்களின் கோணம். கம்பத்தின் டீ வானம் பார்க்க வேண்டும், நுனி டீ தரையோடு படுக்க வேண்டும். சொல்யூஷன் சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும், அப்புறம் திருப்ப முடியாது. அதனால் முதலில் எல்லாவற்றையும் ஒட்டாமல் செருகி, சமதளத்தில் வைத்து, கம்பத்தில் தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்து, ஒவ்வொரு இணைப்பின் மேலும் மார்க்கரால் குழாயிலிருந்து டீக்கு ஒரு நேர்கோடு இழுத்துவிடுங்கள். பிறகு கழற்றி, இரு பக்கமும் சொல்யூஷன் தடவி, கால் சுற்று திருப்பியபடி உள்ளே தள்ளி, கோடு கோட்டோடு சேரும் இடத்தில் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். சொல்யூஷன் போட்ட குழாய் உலர்ந்த குழாயைவிட ஆழமாக இறங்கும், எனவே நீளம் இணைப்புக்கு ஒன்றிரண்டு செ.மீ. குறையும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு நாள் முழுக்க ஆறவிட்டுத்தான் பாரம் ஏற்ற வேண்டும். மூன்று டிகிரி கோணல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கம்பத்தின் தலையில் அது 5 செ.மீ. ஆகிவிடும்.

செருகும் முனைகளை உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, கையால் தள்ளினால் முழு ஆழமும் போகிற அளவுக்குக் கொண்டுவந்து, மெழுகு தடவவும். அளவுக்கு மேல் தேய்த்துவிட்டால் ஒரு சுற்று செலோ டேப் போட்டால் சரியாகிவிடும். கப்ளரின் ஒரு முனையை மட்டும் தரைக் குழாயில் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் கப்ளர் காணாமல் போகும்.

இந்தச் செருகல்களுக்கு ஆணியோ போல்ட்டோ வேண்டியதில்லை. வலை இழுக்கும்போது தரைக் குழாய் இரு பக்கமிருந்தும் நெருக்கப்படுகிறது, கம்பம் கீழ்நோக்கி அமுக்கப்படுகிறது. இணைப்புகள் பிரிவதற்குப் பதில் உள்ளே போகத்தான் பார்க்கும். தரைக் குழாய்க்குப் பதில் கயிறு போட்டால் என்ன என்று தோன்றும். கயிறு இழுப்பைத்தான் தாங்கும், இங்கே நடப்பது நெருக்கல். மணல்மூட்டை தரையைப் பிடித்துக்கொள்ளாதா என்றால், வழவழப்பான ஓட்டின் மேல் 20 கிலோ மூட்டையின் உராய்வு 10 கிலோ இழுவையை நம்பிக்கையோடு நிறுத்தாது. ஈரமிருந்தால் கேட்கவே வேண்டாம்.

டீயும் கேப்பும் குழாயைவிடத் தடிமன் என்பதால் அவைதான் தரையில் உட்காரும். அவற்றின் மேல் சைக்கிள் டியூப்பை 3 செ.மீ. வளையமாக வெட்டி மாட்டிவிட்டால் ஓட்டில் கீறல் விழாது, வழுக்கலும் குறையும்.

கயிறு போகும் துளை

கம்பத்தைச் செருகி நிறுத்தி, தரையிலிருந்து அளந்து 92.5 செ.மீ.-இல் 12 மி.மீ. துளை, வலையின் திசையில், இரு சுவரையும் கடந்து. நேரடியாக 12 மி.மீ. பிட் வைத்தால் பிவிசி வெடிக்கும். 4, 8, 12 என்று மூன்று தடவையாகப் பெரிதாக்க வேண்டும். அதில் சொட்டுநீர்க் குழாய்த் துண்டைச் செருகிவிடுங்கள். அது இல்லாமல் விட்டால் துளையின் விளிம்பு கயிற்றை அறுத்துவிடும்.

கயிற்றின் ஒரு முனை வெளிக்காலில், நுனி டீக்கு ஒட்டி. அங்கிருந்து கம்பத்தின் துளை வழியாக உள்ளே வந்து, வலைப் பக்கம் ஒரு பெரிய முடிச்சு, அதற்கு அப்பால் வலை மாட்ட ஒரு கண். முடிச்சு வலைப் பக்கம்தான் வர வேண்டும். வெளிக்கயிற்றில் 18 கிலோ, வலைக் கயிற்றில் 10 கிலோ என்பதால் கயிறு எப்போதும் வெளியே ஓடப் பார்க்கும். முடிச்சு அதைத் தடுக்கிறது. இப்படிச் செய்தால் வலையின் இழுப்பு கம்பத்தை வளைக்காமல் நேராக வெளிக்கயிற்றுக்குப் போய்விடுகிறது, கம்பத்துக்கு அமுக்கம் மட்டுமே மிச்சம். ஒன்றரை இஞ்ச் குழாய் அதைச் சுமக்கும்.

மணல்

தண்ணீர் கேன்தான் முதலில் நினைவுக்கு வரும், 20 லிட்டர், சரியாக 20 கிலோ. ஆனால் உருண்டைக் கேன் குழாயின் மேல் நிற்காது, பந்து பட்டால் உருளும். ஜீன்ஸ் நல்லது. ஒரு பேன்ட்டின் கால் நுனிகளைத் தைத்து, ஒவ்வொரு காலிலும் பாலித்தீன் பைக்குள் 10 கிலோ உலர்ந்த மணலை இட்டு, மேலே இறுகக் கட்டினால் நடுவில் மடிந்து குறுக்குக் காலின் மேல் சேணம் போல உட்காரும். ஒரு வெளிக்காலுக்கு ஒரு ஜீன்ஸ். பாலித்தீன் இல்லாமல் போட்டால் மழையில் நனைந்து மண் வடிந்து, மாடித் தண்ணீர் போகும் குழாயை அடைக்கும். பாலிப்ரொப்பிலீன் சாக்கு வேண்டாம், வெயிலில் சில மாதங்களில் இற்றுப் பொடியாகிவிடும்.

வலை

பழைய பாட்மிண்டன் வலை 6.1 மீட்டர் நீளம், 76 செ.மீ. அகலம். நீளத்தில் மிஞ்சுவதை இரு ஓரத்திலும் மடித்துத் தைக்கலாம். கூடவே வரும் மேல் கயிறு பெரும்பாலும் சணல் மாதிரி இருக்கும், அதை உருவிவிட்டு 4 மி.மீ. பின்னல் கயிறு கோர்க்கவும். வலைக்குக் கீழே கம்பத்துப் பக்கம் 15 செ.மீ.-க்கு மேல் இடைவெளி விழும். பந்தின் விட்டம் 7.4 செ.மீ.தான், தரைக் குழாயைத் தாண்டியும் நுழைந்துவிடும். 10 செ.மீ. அகலத்துக்கு அதே வலைத் துண்டையோ கொசுவலையையோ கீழே தைத்துவிடுங்கள். பச்சை நிழல்வலையை மட்டும் முழு வலையாகப் போட வேண்டாம். அது பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும், ஆடிக் காற்றில் மூட்டையோடு நகரும்.

கட்டும் வரிசை முக்கியம். தரைக் குழாய், கால்கள், மூட்டை, கம்பம், வெளிக்கயிறு, கடைசியில் வலை. வெளிக்கயிற்றைக் கட்டும்போது கம்பம் ஒரு விரல் அளவு வெளியே சாய்ந்திருக்கட்டும், வலை ஏறியதும் நேராகும். பிறகு நடுவில் டேப் பிடித்து 86.4 செ.மீ. வரும்வரை மட்டும் இழுங்கள். வெளிக்காலின் நுனி தரையை விட்டு எழும்பினால் அதிகம் இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்னொரு மூட்டை வைக்காமல் கயிற்றைத் தளர்த்துங்கள்.

இதே தாங்கியில் நீளக் கம்பம் செருகி பாட்மிண்டனும் ஆடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். ஆட முடியாது. அங்கே வலை ஓரத்தில் 155 செ.மீ., நடுவில் 152.4. தொய்வு 2.6 செ.மீ.தான் அனுமதி. கீழ்ப்பட்டை இல்லாத லேசான வலைக்கே காலுக்கு 40 கிலோவுக்கு மேல் மணல் தேவைப்படும். அது வேறு தாங்கி.

கோடு

கொத்தனார் நூலில் காவித்தூள் தடவி இழுத்துத் தெறித்தால் கோடு விழும், அடுத்த மழையில் போய்விடும். மூலைமட்டம் பார்க்க, அரைக் களத்தின் குறுக்களவு 20 அடி 6¼ அங்குலம், முழுக் களத்துக்கு 33 அடி 1¼ அங்குலம். இரண்டு குறுக்களவும் ஒத்துவந்தால் சதுரம் சரி. மாஸ்கிங் டேப் ஒரு நாள் வெயில் பட்டாலே பசையை ஓட்டில் விட்டுவிட்டு வரும். பழைய ஃப்ளெக்ஸ் பேனரை 5 செ.மீ. பட்டையாக வெட்டிப் போடுவது மலிவு, ஆனால் அதன் மேல் கால் வைத்தால் சறுக்கும். சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் பிளந்து போட்ட பட்டை சறுக்காது.

மட்டை நான்கு

6 மி.மீ. பிளைவுட், 2 அடிக்கு 2 அடித் துண்டு ஒன்று நான்கு மட்டைக்குப் போதும். ஒவ்வொன்றும் 15¾ அங்குல நீளம், 7¾ அங்குல அகலம், அதில் கைப்பிடி 5¼ அங்குலம். விதிப்படி நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, இது உள்ளே வரும். 9 மி.மீ. போட்டால் 350 கிராமை நெருங்கும், அரை மணியில் மணிக்கட்டு வலிக்கும். 6 மி.மீ.-இல் 250 கிராம் அளவில் நிற்கும், கடை மட்டையைவிடக் கொஞ்சம்தான் கூட.

மேல் அடுக்கின் நார் கைப்பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கழுத்தில் ஒடியும். கைப்பிடியின் இரு பக்கத்தில் விழும் கழிவுத் துண்டுகளையே 3.2 செ.மீ. அகலத்தில் அறுத்து, இரண்டு முகத்திலும் ஒவ்வொன்றாக ஃபெவிகால் போட்டு ஒட்டி, ஓர் இரவு இறுக்கி வைக்கவும். அந்தத் துண்டு கைப்பிடியோடு நிற்காமல் தகட்டின் மேல் 3 செ.மீ. ஏறி, நுனி சரிவாகத் தேய்ந்து முடிய வேண்டும். சட்டென்று வெட்டினாற்போல முடிந்தால் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். விளிம்பை உருட்டித் தேய்த்து, துணி டேப் சுற்றி, கைப்பிடிக்குப் பழைய ராக்கெட் கிரிப் சுற்றினால் போதும்.

பிளைவுட் மட்டை சத்தம் போடும். கீழ் வீட்டில் குழந்தை தூங்கும் நேரமென்றால் அதே அளவு ஸ்பாஞ்ச் பந்துக்கு மாறுங்கள். 30 அடிக் களத்தில் அது ஆட்டத்துக்கும் நல்லது, வேகம் குறையும். பிளாஸ்டிக் பந்து என்றால் 40 சிறு துளை உள்ள வெளிப்புறப் பந்து. 26 பெரிய துளைப் பந்து உள்ளரங்குக்கானது, காற்றில் திசை மாறும். 6½ அடி உயரத்திலிருந்து கருங்கல் தரையில் போட்டால் 30 முதல் 34 அங்குலம் எம்ப வேண்டும். உங்கள் மாடி ஓட்டில் 28-ஐத் தாண்டவில்லை என்றால் பந்தைத் திட்ட வேண்டாம், ஓட்டுக்குக் கீழே பொத்தல் இருக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் பந்து செத்தால் அங்கே தட்டிப் பாருங்கள், சத்தம் வேறாகக் கேட்கும்.

ஆடி முடித்ததும் கயிற்றைத் தளர்த்தாமல் விடுவது இந்தத் தாங்கியைக் கெடுக்கும் முதல் காரணம். சித்திரை வெயிலில் சாம்பல் நிறக் குழாய் சூடேறி இளகும். இழுவையோடு இரண்டு மதியம் நின்றால் வளைவு நிரந்தரமாகத் தங்கிவிடும். அப்படி வளைந்த கம்பத்தைத் திருப்பிச் செருகி வளைவை வெளிப்பக்கம் வைத்தால் சில மாதம் ஓடும். அதற்குள், இரண்டாவது குழாயில் மிஞ்சிய இரண்டே முக்கால் மீட்டரில் புதிதாக இரண்டு கம்பம் அறுத்துக்கொள்ளலாம்.